குழந்தை சொல்லிவிட்டது: முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

“டீச்சர், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, ஒண்ணு சொல்றேன்.”

ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். இந்தப் பேச்சை நான்கு தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை “சொல்ல மாட்டேன் கண்ணு” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். காப்பாற்ற முடியாத வாக்கு அது, காப்பாற்றவும் கூடாது. அடுத்த மூன்று தடவையும் வேறு மாதிரி சொன்னேன்: “ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். உன்னையக் காப்பாத்தறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். யாருகிட்டன்னு உனக்கு முன்னாடியே சொல்லிருவேன்.” ஒரு பிள்ளையும் அதற்காக வாயை மூடிக்கொள்ளவில்லை.

சமீபத்தில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு தாய்: மகள் சொல்வது கணவருடைய பங்காளியைப் பற்றி. நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு கூடிய தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் இளம் ஆசிரியை: பையன் சொல்வது வார்டனைப் பற்றி. காங்கேயத்தில் ஓர் அத்தை: நோம்பிக்கு வந்த அண்ணன் மகள் முந்தின நாள் ராத்திரி நடந்ததைச் சொல்லி அழுதிருக்கிறாள். மூவரும் கேட்டது, “முதல்ல யாருகிட்டப் போறதுங்க?”

போவதா வேண்டாமா என்பது கேள்வி இல்லை

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தாலோ, நடக்கப்போகிறது என்று அஞ்சினாலோ, போலீசுக்குச் சொல்வது கட்டாயம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. ஆசிரியர், டாக்டர் என்றில்லை, தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டும். மறைத்தால், 21ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. சொல்லாமல் இருந்ததற்காகக் குழந்தையைத் தண்டிக்க முடியாது. நல்ல எண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போடவும் முடியாது.

கோவையில் 2021 நவம்பரில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இறந்துபோன பிறகு, ஆசிரியரோடு பள்ளி முதல்வரும் கைதானார். அதுவரை 21ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதே எங்கள் பக்கத்துத் தலைமையாசிரியர்கள் பலருக்குத் தெரியாது.

ஆக, எங்கே சுற்றினாலும் விஷயம் போலீசுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எந்த வாசல் வழியாகப் போவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் பார்ப்பது, எழுதிக்கொள்ள வேண்டியவரிடம் போய்ச் சேருவதற்குள் விஷயம் எத்தனை காதைக் கடக்கும் என்பது. நம் ஊர்களில் பாதிப் பேர் பங்காளி, மீதிப் பேர் மாமன் மச்சான். காலையில் டீக்கடையில் சொன்னது மத்தியானம் தறிப்பட்டறையில் பேச்சாகிவிடும். குற்றம் செய்தவன் காதுக்கு முந்திப் போய்விட்டால், அவனுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளையை மிரட்டப் பயன்படும்.

அடுத்தது, பிள்ளை இன்று ராத்திரி எங்கே படுக்கும் என்பது. செய்தவன் அதே வீட்டில் இருந்தால் மற்றக் கேள்விகளை எல்லாம் ஒத்திவைத்துவிடலாம்.

மூன்றாவது, எத்தனை பேரிடம் அந்தக் குழந்தை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். நான்காவது, நடந்து எத்தனை நாள் ஆயிற்று. மூன்று நாளுக்குள் என்றால் மருத்துவத் தடயமும் சிகிச்சையும் அவசரம்.

கடைசியாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு: சம்பளம், அட்வான்ஸ், குடியிருக்கும் வீடு, நாளைக்குப் பேச வேண்டிய சம்பந்தம். இதையெல்லாம் நினைக்கிறவர்களைச் சுயநலக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விசைத்தறி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி அவர் கொடுத்த லைன் வீட்டில் இருப்பவர், அவருடைய தம்பி மேல் புகார் கொடுத்தால் அன்று மாலையே சட்டி பானையைத் தூக்க வேண்டிவரும்.

பேர் வெளியே வந்துவிடும் என்ற பயமும் வெறும் பயம் இல்லை. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அச்சாகி வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெயரை வெளியிடுவது குற்றம். போக்சோவின் 23ஆம் பிரிவு அதைப் பத்திரிகைக்குத் தடுக்கிறது, 33ஆம் பிரிவு விசாரணையிலும் பெயர் வெளிவராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதே பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவையில் தீர்ப்பு வந்தது. சாட்சி சொன்ன பெண்களின் பெயர் தெரியாமலேதான் அந்தத் தீர்ப்பை நாமெல்லாம் படித்தோம்.

வீட்டுக்குள்ளேயே பேசி முடிப்பது

“பொம்பளப்புள்ள விசயம், பெரியவங்களை வச்சுப் பேசித் தீத்துக்கலாமுங்க.” பெரும்பாலான வீடுகளில் முதலில் திறப்பது இந்தக் கதவுதான். பெரியப்பன், தாய்மாமன், ஊர்ப் பெரியவர் இருவர். குலதெய்வக் கோயிலில் சூடத்தை அடித்துச் சத்தியம். “இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று அவன் சொன்னதோடு விஷயம் முடிந்ததாக எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

காசுச் செலவு இல்லை, பேர் வெளியே வராது என்பது மேலுக்குத் தெரிவது. உள்ளே போய்ப் பாருங்கள். பேச உட்கார்ந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். அடுத்த வருடம் ஒரு சீர் வரும், காதுகுத்து வரும், அவனும் ஒரம்பரையாக வந்து பந்தியில் உட்காருவான். “சித்தப்பனுக்குத் தண்ணி கொண்டு போய்க் குடு” என்று தெரியாத யாரோ அந்தப் பிள்ளையிடமே செம்பை நீட்டுவார்கள். இப்படித் தண்ணீர் கொண்டுபோன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது, இன்னும் அந்த வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை.

சட்டத்திலும் இதற்கு இடமில்லை. ராஜஸ்தானில் மாணவியிடம் தவறாக நடந்த ஓர் ஆசிரியர் மேலான வழக்கை, இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று நீக்கிவிட்டு, விசாரணை நடக்கட்டும் என்றது.

இது சரியான தேர்வாகும் நிலைமை ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. சொந்தத்தின் உதவி தேவைப்படுவது புகாருக்குப் பிறகு: பிள்ளை போய் இருக்க அம்மாவைப் பெற்ற அம்முச்சி வீடு, கோர்ட்டுக்குப் போகும் நாளில் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அதற்கு ஒருவரை, மிஞ்சினால் இருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் சொல்வது

இங்கே நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். பள்ளி எது என்று சொல்லப்போவதில்லை, அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

எட்டாவது படித்த பிள்ளை. சத்துணவு சாப்பிட்டுத் தட்டுக் கழுவும் குழாயடியில் வைத்துச் சொன்னாள். நான் நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன், அதுதான் முறை என்று நினைத்து. அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துவிட்டார். “நாளைக்கு மீட்டிங் இருக்குது டீச்சர், வெள்ளிக்கிழமை உக்காந்து ரோசனை பண்ணலாம்” என்றார். அன்று மாலையே ஆலோசனை கேட்கிறேன் என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரருக்குப் போன் செய்திருக்கிறார். அவர் தன் மச்சானிடம் கேட்டிருக்கிறார். அந்த மச்சானுக்கு, பிள்ளை சொன்ன ஆள் கூட்டாளி. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. கரூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். புகார் பதிவாக ஆறு நாள் ஆனது. எண்ணிப் பார்த்தால் என் வாயிலிருந்து அவன் காதுக்கு நான்கே காது.

பள்ளியில் வழி இல்லை என்று சொல்லவில்லை. மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்கிறது, ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது, கல்வித்துறையின் 14417 எண் இருக்கிறது. பெட்டியில் போட்டால் யார் எப்போது திறப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சாவி யாரிடம் என்றே ஒரு பருவம் முழுக்கத் தெரியவில்லை. 14417இல் பேசலாம், பிள்ளைக்கு ஆலோசனையும் கிடைக்கும். அவசரத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

தனியார் பள்ளியில் இன்னொரு செலவும் சேரும். பள்ளியின் பேர் என்ற கவலை. வார்டனை ராத்திரியோடு ராத்திரியாக வேலையை விட்டு அனுப்பிவிட்டு, “நடவடிக்கை எடுத்தாச்சு” என்பார்கள். அவன் அடுத்த தாலுகாவில் வேறொரு ஹாஸ்டலில் சேர்ந்திருப்பான்.

செய்தவன் வீட்டு ஆளாக இருந்து, தலைமையாசிரியர் அன்றே போலீசுக்கு எழுத்தில் அனுப்பக்கூடியவர் என்றால் பள்ளி நல்ல வாசல். அந்தப் பிள்ளை பயமில்லாமல் எட்டு மணி நேரம் இருக்கும் ஒரே இடம் அதுவாகக்கூட இருக்கும். செய்தவன் பள்ளியிலேயே இருந்தால் அங்கே கடைசியாகச் சொல்லுங்கள், வெளியே புகார் கொடுத்த பிறகு.

1098

குழந்தைகளுக்கு “டென் நைன் எய்ட்” என்று சொல்லிக்கொடுக்கிறோம். காசில்லை, ராத்திரி பகல் எப்போதும் பேசலாம். உங்கள் பேரைச் சொல்லாமலும் பேசலாம். முன்பு ஒரு தொண்டு அமைப்பின் பொறுப்பில் இருந்தது, 2023க்குப் பிறகு அரசே நடத்துகிறது. அழைத்தால் மாவட்டம், இடம், பிள்ளையின் வயது, இப்போது யாரோடு இருக்கிறது என்று கேட்பார்கள். பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வருவார்.

காதுக் கணக்கில் இதற்கு ஈடு இல்லை. எடுப்பவர் உங்கள் ஊர்க்காரர் இல்லை, உங்கள் குலம், கூட்டம் எது என்று கேட்க மாட்டார்.

மறைந்திருக்கும் செலவு, வரும் வண்டி. துறைப் பெயர் எழுதிய ஜீப் லைன் வீட்டு முன்னால் வந்து நின்றால், “எந்த ஊட்டுக்குங்க?” என்று பத்துப் பேர் வந்துவிடுவார்கள். அதனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்: வீட்டுக்கு வர வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பள்ளியிலோ பார்க்கலாம் என்று.

ஆசிரியர், வார்டன், டாக்டர் என்று பொறுப்பில் இருப்பவர்கள் 1098இல் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பேன். 1098காரர்கள் போலீசுக்குக் கொண்டுபோவார்கள்தான். ஆனால் சட்டம் கேட்பது நீங்கள் போலீசுக்குச் சொன்னீர்களா என்பதை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

மகளிர் காவல் நிலையம்

ஸ்டேஷன் படி ஏறுவது என்றால் நம் சனத்துக்கு ஒரு நடுக்கம். சட்டம் சொல்வதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி நடுக்கம் குறையும். பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டியதே இல்லை. வீட்டிலோ பிள்ளை கேட்கும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல். அம்மாவோ பிள்ளை நம்பும் வேறொருவரோ பக்கத்தில் இருக்கலாம். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் காசில்லாமல் தர வேண்டும். எல்லை எங்கள் ஸ்டேஷனுக்கு வராது என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

வேகம் இதன் பலம். ஆளைப் பிடிப்பது போலீசால் மட்டுமே முடியும். பிள்ளைக்கு இன்றைக்கே ஆபத்து என்றால், நடந்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால், செய்தவன் ஓடக்கூடியவன் என்றால் வேறு எங்கும் நின்று யோசிக்க வேண்டாம்.

செலவு பின்னால் வரும். மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், பிறகு கோர்ட். வழக்கை எடுத்துக்கொண்டதிலிருந்து ஒரு வருடத்துக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் ‘கூடியவரை’யை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நான் சொன்ன வழக்குக்கு மூன்று வருடம் ஆனது. பீஸ் ரேட்டில் வேலை செய்யும் தாய்க்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி, போக வர பஸ் காசு. இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது, அவசரச் செலவுக்கும் உடனடி உதவி கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

அரசு ஆஸ்பத்திரி

காங்கேயத்து அத்தைக்கு நான் சொன்னது இதைத்தான். போலீஸ் கடிதம் இல்லாமலே சிகிச்சை தர வேண்டும், காசு வாங்கக் கூடாது. கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியவை. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பர் பையில் எடுத்துப் போகச் சொன்னேன், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். போலீசுக்கு ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்துவிடும்.

குழந்தைகள் நலக் குழு

ஒரு தலைவர், நான்கு உறுப்பினர், மாவட்டத்துக்கு ஒன்று. நேராக இங்கே போகிறவர்கள் குறைவு. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் இவர்களுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். செய்தவன் அதே வீட்டில் இருந்தால், பிள்ளையை அங்கிருந்து மாற்ற வேண்டுமா என்று மூன்று நாளில் முடிவு செய்வது இவர்கள் வேலை. வழக்கு முடியும்வரை பிள்ளையோடு வர ஒரு துணை நபரையும் நியமிப்பார்கள். இதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். “ஹோமுக்கு அனுப்பிருவாங்க” என்ற பயத்தில் பல தாய்மார்கள் இங்கே வாயே திறப்பதில்லை. அம்முச்சி வீட்டில் விடலாம் என்று நீங்கள் சொன்னால் அதையும் விசாரிப்பார்கள். பிள்ளை எங்கே இருக்க ஆசைப்படுகிறது என்றும் கேட்க வேண்டும்.

| வாசல் | நடுவில் எத்தனை காது | வேகம் | எப்போது முதலில் |
|---|---|---|---|
| பள்ளி | நிறைய | தலைமையாசிரியரைப் பொறுத்தது | செய்தவன் வீட்டுப் பக்கம், தலைமையாசிரியர் உறுதியானவர் |
| 1098 | மிகக் குறைவு | நடுத்தரம் | செய்தவன் சொந்தக்காரன், வீட்டில் ஆதரவு இல்லை |
| மகளிர் நிலையம் | குறைவு | அதிகம் | இன்றே ஆபத்து, அல்லது செய்தவன் பள்ளி, ஹாஸ்டல் ஆள் |
| ஆஸ்பத்திரி | குறைவு | அதிகம் | மூன்று நாளுக்குள் நடந்தது |

திருப்பூர்த் தாயை முதலில் 1098க்குப் பேசச் சொன்னேன், கம்பெனி டீ பிரேக்கில், வீட்டிலிருந்து வேண்டாம் என்று. கணவர் பங்காளி பக்கம் சாயக்கூடியவர் என்று அவரே சொன்னதால். நாமக்கல் ஆசிரியைக்கு நேராக மகளிர் காவல் நிலையம், அதுவும் பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிவதற்கு முன். பையன்களுக்கும் போக்சோ உண்டு. மகளிர் நிலையத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று அவர் தயங்கியது வீண். வேலை போய்விடும் என்று அழுதார். போகலாம், பொய் சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இதில் சேராத, ஆனால் சேர்ந்துவிடுகிற ஒன்று

பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் பழகுவது. வயது நிறையாதவரின் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. கருவாகிவிட்டது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து நாட்டு மருந்து தேடுகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. சம்மதத்தோடு நடந்த இப்படிப்பட்ட நிலைமையில், பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் பெயர் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு தைரியமாகப் போங்கள்.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. பையன் வேறு சாதி என்றால் அன்றைக்கே போக்சோ என்று ஸ்டேஷனுக்கு ஓடுகிற அதே வீட்டார், சொந்தச் சித்தப்பன் என்றால் “பேசித் தீத்துக்கலாமுங்க” என்கிறார்கள். இரண்டையும் ஒரே தெருவில் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கதவானாலும், போகும் முன் ஒரு தாள்

பிள்ளை சொன்னதை அன்றே எழுதி வையுங்கள். தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்ன அதே வார்த்தை. துருவிக் கேட்காதீர்கள், திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள், சொன்னதை நல்ல தமிழாக்கவும் வேண்டாம்.

எங்கள் தலைமையாசிரியர் கடைசியில் அனுப்பிய கடிதத்தில் “வீட்டினுள் தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தெரியவருகிறது” என்று எழுதியிருந்தார். பிள்ளை போலீசிடம் சொன்னது வேறு வார்த்தை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள்ளா, வெளியிலா, பிள்ளை மாற்றி மாற்றிச் சொல்கிறதே என்று. கதவைச் சாத்திவிட்டு நடந்த விசாரணை அது. நான் குழாயடியிலிருந்து வந்ததும் லாங் சைஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கி வைத்திருந்ததை எடுத்துப் பார்க்க அனுமதித்தார்கள். அதில் ‘பொடக்காளி’ என்று இருந்தது. நீதிபதி தெற்கே இருந்து வந்தவர் போல, அப்படியென்றால் என்னம்மா என்று கேட்டார்.

“ஊட்டுக்குப் பொறகால, தண்ணித் தொட்டியும் தொவைக்கற கல்லும் இருக்கற எடமுங்க” என்றேன். டைப் செய்தவர் எழுத்தைக் கேட்டுக் கேட்டு அடித்தார்.